பாதிப் பருவத்தில் கோச்சை அனுப்பாதீர்கள்: நம் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், சனிக்கிழமை தவறாமல் திடலுக்கு வரும் அண்ணன்மார் தம்பிமார் எல்லாருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40க்கு நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வந்தது. "இன்று முதல் பயிற்றுநர் தம் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவருடைய சேவைக்கு நன்றி." இரண்டே வரி. அதற்குக் கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. எண்ணிப் பார்த்தேன், 30க்கு மேல் இருந்தது. அந்தக் குழுவில் கோச்சும் இருக்கிறார் என்பது கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்.

நான் இந்தக் காற்பந்துக் கழகத்தின் வேன் ஓட்டுநர். வாரம் ஐந்து நாள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். சனிக்கிழமை அதே வேனில் நம் பையன்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். 14 வருடமாக இதுதான் நடக்கிறது. செயற்குழுவில் நான் இல்லை. காற்பந்து நிபுணன் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு குழு தோற்றுவிட்டுத் திரும்பும்போது வேனுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கழகத்தில் என் அளவுக்குப் பார்த்தவர் யாரும் கிடையாது. நீங்கள் பார்ப்பது திடலில் 90 நிமிடம். நான் அதற்குப் பிறகுள்ள ஒன்றரை மணி நேரத்தைப் பார்க்கிறேன். அதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவு தவறு. நேரில் சொல்லலாம் என்று செயலாளருக்கு இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கடந்த ஜனவரியில் செந்தூலில் நடந்த ஆண்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூத்த ஆட்டக்காரர்களில் ஐந்து பேர், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் கழகங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் இருக்கிறது, கார் தவணை இருக்கிறது. நம்மிடம் காசு இல்லை. அதனால் இருக்கிற பிள்ளைகளை வைத்தே குழுவைக் கட்டுவோம் என்று தீர்மானம் போட்டோம். இன்று நம்மிடம் உள்ள 18 பேரில் 12 பேருக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை. இரண்டு பேர் இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். கோச் அன்றைக்கே எழுந்து, "முதல் வருசம் அடி வாங்குவோம், அதுக்குத் தயாரா இருங்க" என்று சொன்னார். தலைவர் அவர்களே, நீங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு பருவம் உங்களுக்குத்தான், தைரியமாக வேலையைப் பாருங்கள்" என்றீர்கள். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான். அப்புறம் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டு பருவம் என்றால் 36 ஆட்டம். அவருக்குக் கிடைத்தது 9.

புலனக் குழுவில் சுற்றிய படத்தில், 9 ஆட்டம், 6 தோல்வி, 5 புள்ளி, 10 குழுக்களில் 9ஆவது இடம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கணக்கு சரிதான். ஆனால் அந்த 9 ஆட்டத்தையும் நடந்த வரிசையில் எழுதிப் பாருங்கள். முதல் நான்கு ஆட்டத்திலும் தோற்றோம். வாங்கிய கோல் 13. அந்தச் சமயத்தில் திடலைப் பராமரிப்புக்காக மூடிவிட்டதால் மூன்று வாரம் ஃபுட்சால் கோர்ட்டில்தான் பயிற்சி நடந்தது. ஐந்து பேர் ஆடும் இடத்தில் 18 பேரை வைத்துக்கொண்டு எந்தக் கோச் தற்காப்பு வரிசை சொல்லிக் கொடுக்க முடியும்? திடல் திறந்த பிறகு ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஒரு வெற்றி, இரண்டு சமநிலை, இரண்டு தோல்வி. அந்த இரண்டு தோல்வியும் ஒரே கோல் வித்தியாசம். வாங்கிய கோல் ஐந்தே ஐந்து. நான்கு ஆட்டத்தில் 13 வாங்கிய குழு, அடுத்த ஐந்து ஆட்டத்தில் 5 வாங்குகிறது. அதே பையன்கள். இதற்குப் பிறகு கோச்சை அனுப்புவதென்றால், அவர் வேலை பலிக்க ஆரம்பித்த நேரமாகப் பார்த்து அனுப்புகிறோம்.

எண்ணை விடுங்கள், வேனுக்கு வருவோம்.

மூன்றாவது ஆட்டம் ரவாங்கில். 4-2 என்று தோற்றோம். திரும்பும்போது பையன்கள் இரண்டு கூட்டமாக உட்கார்ந்தார்கள். ஃபார்வர்ட் பையன்கள் முன்னால், தற்காப்புப் பையன்கள் நடுவில். கோல் கீப்பர் கடைசி இருக்கையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக இருந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. மழை வேறு. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் சத்தம் மட்டும்தான். இப்படி ஒரு அமைதியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அது ஒரு குழு உடையப் போகிற நேரத்து அமைதி.

செலாயாங் வந்ததும் கோச், "அண்ணே, அந்த மாமாக் கடையில நிறுத்துங்க" என்றார். அந்த இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாயும் தே ஓ ஐஸும் சொன்னார். அவர் காசு. சாப்பிட்டு முடியும்வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வேனுக்குள் போய், கால் அடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் மூடிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தார். நீலம் எட்டு, வெள்ளை எட்டு. மேசையில் குழம்புக் கறையைத் துடைத்துவிட்டு மூடிகளை அடுக்கினார். கார்னரிலிருந்து வாங்கிய இரண்டாவது கோலை அப்படியே வைத்துக் காட்டினார். "இந்த மூடி நீ. பந்து வரும்போது நீ எங்க நின்ன?" என்று நம் நம்பர் 4 பையனைக் கேட்டார். அவன் மூடியை நகர்த்தினான். "இல்லடா, நீ இங்க நின்ன" என்று இன்னொருவன் நகர்த்தினான். துண்டு போட்டிருந்த கோல் கீப்பர் எழுந்து வந்து, "ரெண்டு பேரும் தப்பு, எனக்கு முன்னால நின்னு பந்த மறைச்சீங்க" என்றான். அரை மணி நேரம் அந்த மேசையைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். கோச் நடுவில் வரவே இல்லை. ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நேரமாகிறதே என்று எரிச்சல்தான் பட்டேன்.

இப்போது கடைசி ஆட்டத்துக்கு வாருங்கள். போன சனிக்கிழமை, காஜாங். 2-1. கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலில் தோற்றோம். அந்த இரவு நீங்கள் எல்லாரும் புலனத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது நான் நெடுஞ்சாலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோச் என் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "அங்கிள், உள்ள லைட்டு போடுங்க." கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு இருக்கைக்கு நடுவில் ஒரு பந்துப் பையைப் போட்டு, அதன்மேல் மூடிகளை அடுக்கியிருந்தார்கள். கோச் சொல்லாமலே. கோல் கீப்பர்தான் நடுவில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கடைசி கோல் எப்படி வந்தது என்று செந்தூல் வந்து சேரும்வரை பேசினார்கள். ஒருவன்கூட இன்னொருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டவில்லை. எஸ்.பி.எம். எழுதப் போகிற அந்தச் சின்னப் பையன், "என் மேலதான் தப்பு, நான் முன்னால ஓடிட்டேன்" என்று சொன்னான். 17 வயதுப் பையன், தோற்ற அன்று, தன் வாயாலேயே அதைச் சொல்கிறான். 14 வருடத்தில் என் வேனில் இதைக் கேட்டதில்லை.

புள்ளிப் பட்டியலில் இதற்கு ஒரு புள்ளியும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் இந்த மாதிரிப் பையன்கள்தான் அடுத்த பருவம் ஜெயிப்பார்கள். அவர்களை இப்படி ஆக்கியவரை அடுத்த நாளே அனுப்பிவிட்டோம்.

கோச் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு தோல்விக்கு அவர்தான் காரணம் என்று நானே சொல்வேன். முதல் ஆட்டத்தில் கோல் கீப்பரிடமிருந்து பந்தைக் காலாலேயே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பையன்கள் அதற்குப் பழகவில்லை. இரண்டு கோலை நாமே தூக்கிக் கொடுத்தோம். நான்காவது ஆட்டத்தில் கேப்டனுக்குக் கால் வலி என்று எல்லாருக்கும் தெரிந்தும் 80ஆவது நிமிடம்வரை மாற்றவில்லை. அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் யாராவது அவரைக் கேட்டீர்களா? செயற்குழு ஒரு முறையாவது அவரை உட்கார வைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்ததா? நான் விசாரித்தவரையில் இல்லை. முதல் ஆட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் நேராகத் தீர்ப்பு.

எல்லாக் கோச்சுக்கும் பொறுமை காட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சில வருடத்துக்கு முன் ஒருவர் இருந்தார். பயிற்சிக்கு அரை மணி நேரம் தாமதமாக வருவார். பையன்களை ஓடவிட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோற்றால் வேனில் ஏற மாட்டார், தன் காரில் போய்விடுவார். பயிற்சிக்கு வரும் பையன்கள் 20இலிருந்து 9க்கு இறங்கினார்கள். அவரை மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்தான். இந்தக் கோச் வந்த பிறகு பயிற்சியில் 18 பேரில் 15, 16 பேர் நிற்கிறார்கள். தோல்விக்கு மேல் தோல்வி வாங்கும் ஒரு குழுவில் பிள்ளைகள் தொடர்ந்து பயிற்சிக்கு வருகிறார்கள் என்றால், கோச் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கை போன பிறகும் ஒருவரை வைத்திருப்பது தப்பு. நம்பிக்கை இருக்கும்போது அனுப்புவது அதைவிடப் பெரிய தப்பு.

இப்போது ஆதரவாளர்களிடம் பேசுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னோடு மாமாக் கடையில் உட்கார்ந்து இரவு மூன்று மணிவரை ஆட்டம் பார்த்தவர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன்.

2010 டிசம்பர் 1. ஜகார்த்தாவில், தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தில் நம் முதல் ஆட்டம். நம் மலேசியக் குழு முதலில் கோல் போட்டது. அப்புறம் இந்தோனேசியா ஐந்து போட்டது. 5-1. ஜாலான் ஈப்போவில் ஒரு கடையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் குழுவின் கோச் கே. ராஜகோபால் அவர்களை அன்று அந்த மேசையில் பேசாத பேச்சு இல்லை. நம்மவர் என்றுகூடப் பார்க்கவில்லை. நம்மவர் என்பதால்தான் இன்னும் அதிகமாகப் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தக் குழுவில் பலர், அதற்கு முந்திய வருடம் லாவோசில் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் 20 வருடத்துக்குப் பிறகு காற்பந்துத் தங்கம் வாங்கிய இளைஞர்கள். அதையும் மறந்துவிட்டுப் பேசினோம்.

அவர் குழுவைக் கலைக்கவில்லை. தாய்லாந்துடன் 0-0. லாவோசை 5-1. அரையிறுதியில் வியட்நாமை இங்கே புக்கிட் ஜாலிலில் 2-0, ஹனோயில் போய் 0-0. டிசம்பர் 26ஆம் தேதி இறுதியாட்டத்தின் முதல் சுற்று, புக்கிட் ஜாலில். நான் என் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். லேசர் ஒளி பிரச்சினையில் ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. திரும்ப ஆரம்பித்த பிறகு பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூன்று கோல் விழுந்தது. சாஃபி சாலி, அஷாரி, மறுபடி சாஃபி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. நம் நாடு அந்தக் கிண்ணத்தை முதல் முறையாக வென்றது. டிசம்பர் 31 பொது விடுமுறை கொடுத்தார்கள்.

டிசம்பர் 1இல் 5-1. டிசம்பர் 29இல் கிண்ணம். 28 நாள். அந்த 5-1 இரவில் முடிவெடுக்கும் அதிகாரம் எங்கள் மேசைக்கு இருந்திருந்தால், அன்றே ராஜகோபாலை அனுப்பியிருப்போம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நம் கழகத்தில் மென்செஸ்டர் யுனைடெட் சட்டை போடாதவர் குறைவு. அதன் பழைய கோச் அலெக்ஸ் பெர்குசன் கதை உங்களுக்கு மனப்பாடம். 1986 நவம்பரில் வந்தார். மூன்று வருடம் ஒரு கிண்ணமும் இல்லை. 1989 செப்டம்பரில் மென்செஸ்டர் சிட்டியிடம் 5-1. அந்த டிசம்பரில் சொந்தத் திடலிலேயே ஒரு ரசிகர், மூன்று வருடமாகச் சாக்குத்தான், கிளம்பு என்று துணியில் எழுதிப் பிடித்தார். அந்தப் பருவம் லீக்கில் 13ஆவது இடம். ஆனால் 1990 மே மாதம் எஃப்.ஏ. கிண்ணம் கையில் இருந்தது. லீக் பட்டம் 1993இல்தான் வந்தது. 2013இல் அவர் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள். அவருக்குப் பிறகு 2024வரை மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், ரங்னிக், டென் ஹாக் என்று எத்தனை பேரை மாற்றினார்கள். ஒருவர் காலத்திலும் லீக் பட்டம் வரவில்லை.

புலனத்தில் ஒரு தம்பி, "பெர்குசன் எல்லாம் அந்தக் காலம்" என்று எழுதியிருந்தார். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். 2021 ஆகஸ்டில் கோச் ஆர்தெத்தாவின் அர்செனல் முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை, ஒன்பது வாங்கியது. பட்டியலில் கடைசி இடம். அவரை விரட்ட வேண்டும் என்று நம் கடையிலேயே சத்தம் போட்டார்கள். கழகம் விரட்டவில்லை. 2023, 2024, 2025 என்று மூன்று பருவம் தொடர்ந்து இரண்டாம் இடம். அந்த மூன்று பருவத்திலும் பட்டம் இல்லையே என்பீர்கள். கடைசி இடத்தில் கிடந்த குழுவுக்கு அது எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2021 ஜனவரியில் செல்சி தன் கோச் லம்பார்டை அனுப்பிவிட்டுத் துக்கெலைக் கொண்டுவந்தது, மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றது. மாற்றினால் நடக்கும் என்பதற்கு எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். துக்கெலுக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள் யார், அவர்களின் விலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் கொண்டுவரப் போகிற புதியவருக்குக் கிடைக்கப் போவது அதே 18 பையன்கள், அதே திடல், அதே ஓட்டை வலை.

என் மகள் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறாள். இந்த விஷயத்தை வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினாள். பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர், நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004வரை நடந்ததை எல்லாம் ஆராய்ந்திருக்கிறார். வரிசையாகத் தோற்றதால் கோச்சை அனுப்பிய கழகங்கள் அப்புறம் கொஞ்சம் முன்னேறின. ஆனால் அதே மாதிரி தோற்றும் கோச்சை அனுப்பாமல் வைத்திருந்த கழகங்களும் அதே அளவுக்கு முன்னேறின. மாற்றத்தால் வந்தது என்று நாம் நினைக்கிற முன்னேற்றம், மாற்றாமலே வந்திருக்கும் என்கிறது ஆய்வு. படித்து முடித்ததும் என் மகள், "அப்பா, கொஞ்ச நாள் இருந்தா தானா தீர்ற காய்ச்சலுக்கு டாக்டர மாத்துற மாதிரி" என்றாள். நம் காய்ச்சல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். நான்காவது ஆட்டத்தில் நானும் கத்தினேன். கேப்டன் நொண்டிக்கொண்டிருந்தான், கோச் மாற்றவில்லை, எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்குக் கண்ணு தெரியலையா, வீட்டுக்குப் போ" என்று கோட்டோரம் நின்று கத்தினேன். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். "போ, போ" என்று ஒரு பாட்டு மாதிரியே ஆகிவிட்டது. அப்போது நம் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிப் போடுகிற சின்னப் பையன் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வயது இருக்கும். கையில் பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கோல் கீப்பர் பந்தைக் கேட்கிறான், அவன் போடவில்லை. எங்களையே பார்த்தான். கோச்சின் மகன் அவன். வாராவாரம் என் வேனில்தான் அப்பா மடியில் உட்கார்ந்து வருகிறவன்.

அன்று திரும்பும்போது அவன் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு திடலுக்கே வரவில்லை. கோச்சிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே, தோத்தா திட்டத்தான் செய்வாங்க" என்றார். அவர் பரவாயில்லை என்றது எனக்குப் போதவில்லை. திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பையனிடமும் கேட்டேன். தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. கோச்சின் மாதப்படி இரண்டு மாதமாகப் பாக்கி. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பொருளாளர் அவர்களே, உங்கள் வாயாலேயே போன மாதம் வேனில் பெட்ரோல் காசு கொடுக்கும்போது எனக்குச் சொன்னீர்கள். இரண்டு மாதம் படி வாங்காமல், வேலை முடிந்ததும் வாரம் மூன்று மாலை திடலுக்கு வந்தவர், தோற்ற பிள்ளைகளுக்குத் தன் காசில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு நாம் அனுப்பியது இரண்டு வரி.

அதனால் நான் கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

செயற்குழு இந்த முடிவை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் பெற வேண்டும். இரண்டு பருவம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாவிட்டாலும், இந்தப் பருவத்தின் மீதி 9 ஆட்டத்தையாவது அவர் கையில் கொடுங்கள். அதற்கு முன் பையன்கள் 18 பேரையும் கேளுங்கள். பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில், கோச் வேண்டுமா வேண்டாமா என்று எழுதிக் கொடுக்கட்டும். பாதிக்கு மேல் வேண்டாம் என்று வந்தால் நான் இந்த மடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டேன். பருவம் முடிந்ததும் எதை வைத்து அவரை எடைபோடப் போகிறீர்கள் என்பதை இப்போதே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். எத்தனை புள்ளி என்பதோடு, எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், எத்தனை கோல் வாங்கினோம், எந்தப் பையன் எவ்வளவு முன்னேறினான் என்பதும் அதில் இருக்கட்டும். பாக்கி இரண்டு மாதப் படியை, அவர் இருந்தாலும் போனாலும், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

ஆதரவாளர்களே, அந்தச் சிவப்பு எழுத்துப் படத்தை உங்கள் கைப்பேசியிலிருந்தும் குழுவிலிருந்தும் அழித்துவிடுங்கள். கோபம் இருந்தால் புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் திடலுக்கு வாருங்கள். நான் நாற்காலி போட்டு வைக்கிறேன். கேப்டனை ஏன் மாற்றவில்லை, கோல் கீப்பரிடமிருந்து ஏன் அப்படி ஆட வைத்தீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முதல் கேள்வி நானே கேட்கிறேன். ஆனால் ஆட்டம் நடக்கும்போது, அவர் பிள்ளை நிற்கிற இடத்தில், "போ" என்று யாரும் கத்த வேண்டாம்.

வரும் சனிக்கிழமை கிள்ளானில் ஆட்டம். வேன் மாலை மூன்று மணிக்குச் சூராவ் (தொழுகைக் கூடம்) பக்கத்து முச்சந்தியிலிருந்து புறப்படும். முன் இருக்கையில் அவருடைய 555 புத்தகம் கிடக்கிறது, காஜாங்கிலிருந்து வந்த அன்று மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திறந்து பார்க்கவில்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதா, அப்படியே இருக்கையில் வைத்திருப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் வேன் ஓட்டுநர்,
செந்தூல், கோலாலம்பூர்